வாஸ்துப்படி ஒரு போர்

குவைத்திலிருந்து திரும்பிய பிரகாசம், சர்ச்சில் யாருக்கும் தெரியாமல் திருப்பதி வாஸ்துக்காரரை வரவழைத்து விஜயபுரத்தில் வீடு கட்டினார். வடகிழக்கில் போர் போட்டார். வடமேற்கில் செப்டிக் டேங்க் கட்டினார். கிழக்குப் பக்கத்து மனையில் தம்பி யோசுவாவும் அதே ஆளைக் கேட்டு அப்படியே கட்டினான். அதனால் தம்பியின் செப்டிக் டேங்க் அண்ணனின் போரை ஒட்டி வந்துவிட்டது.

மழைக்குப் பின் போர்த் தண்ணீர் நாறியது. வாஸ்துக்காரர் வந்து பார்த்து, "ரெண்டு வீட்லயும் தப்பே இல்ல," என்றார். பிரகாசத்துக்கு நிம்மதியாயிற்று.

அவர் மனைவி கேசியா அந்தத் தண்ணீரையே டம்ளரில் வாஸ்துக்காரரிடம் நீட்டினாள். "அப்போ குடிங்க சாமி."

"பாட்டில் தண்ணி இருக்குதாம்மா?"

மறுநாளே அவள் போர் வண்டியைக் கூப்பிட்டுத் தென்கிழக்கைக் காட்டினாள்.

"அய்யோ, அது அக்கினி மூலைடி!" என்று பதறினார் பிரகாசம்.

"இருந்துட்டுப் போவுது. நாறாதில்ல?"