ஒரே மைக்கில் இரண்டு குரல்

வீட்டுக்காரர் மவுத்தாகி, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கும் இத்தா முடிந்து நான் முதன்முதலாக வாசல் தாண்டியது நாகஜோதியைப் பார்க்கத்தான். மகள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

எங்களுக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். என் வீட்டுக்காரர் பிச்சை முகம்மது ராஜபாளையத்தில் மைக்செட் கடை வைத்திருந்தார். கல்யாண முகூர்த்தம் இல்லாத நாட்களில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அய்யனார் கோவில் பக்கம் மலையடிவாரத்துக்குப் போய்விடுவார். அங்கே பளியர் பழங்குடிக் குடியிருப்பில் நாகஜோதி பாடுவாள், இவர் பதிவு செய்வார். மதுரையில் உள்ள ஓர் ஒலிக்காப்பகத்துக்காக அந்த வேலை. அவர்கள் பேச்சு அழிந்துகொண்டு வருகிறது, இப்போதே பிடித்து வைக்க வேண்டும் என்பார். நான் பேசும்போது டிவி சத்தத்தைக்கூடக் குறைக்க மாட்டார்.

மாரடைப்பில் அவர் போன பிறகு காப்பகத்திலிருந்து விஜி என்ற பெண் என் சம்மதம் கேட்டு வந்தாள். பாட்டைவிட நடுவில் இருவரும் பேசிக்கொள்வதுதான் முக்கியம், பளியர் பேச்சில் இவ்வளவு நீளமான உரையாடல் தங்களிடம் வேறு இல்லை என்றாள். போட்டுக் காட்டினாள். தமிழ் போலத்தான் இருந்தது, வேகத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அவர் குரல் மட்டும் தெரிந்தது. அத்தனை பொறுமையாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சிரித்து. அவர் குரலை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். ஒரே மைக்கில் பதிந்திருப்பதால் பிரிக்க முடியாது என்றாள்.

கடை நிறைய மைக் கிடந்தது. ஒரே மைக் என்றால் இரண்டு பேரும் தோள் இடிக்க உட்கார வேண்டும். மைக்செட்காரன் பெண்டாட்டிக்கு இதுகூடவா தெரியாது?

விஜியோடு போனேன். நாகஜோதி நான் நினைத்ததைவிட வயதானவளாக இருந்தாள். முதலில் ஆறுதலாக இருந்தது. அழகுக்காகப் போயிருந்தாலாவது புரிந்துகொண்டிருப்பேன் என்று பிறகு தோன்றியது.

விஜி லேப்டாப்பில் போட்டாள். பாய்க்குக் கடைசிவரை எங்கள் பேச்சுக்கு நாக்கு திரும்பவில்லை என்று நாகஜோதி சிரித்தாள். ஓர் இடத்தில் அவர் குரல் தணிந்தது. கேட்டுக்கொண்டிருந்தவள் சிரிப்பு நின்றது. நிறுத்தச் சொல்லி, என்ன பேசினார் என்று கேட்டேன்.

"விடுங்கக்கா."

"சொல்லு."

"நெஞ்சுக்குள்ள என்னமோ அமுத்துதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். வீட்டுல தெரிஞ்சா மலைக்கு விடமாட்டா, சொல்லப்படாதுன்னாக."

"நீயாவது எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கள இன்னைக்குத்தானக்கா பாக்கேன்."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு முந்தி அவள் அழுதது எனக்குப் பொறுக்கவில்லை.

கிளம்பும்போது விஜியிடம் சம்மதம் சொன்னேன். பதிவோடு வரிக்கு வரி தமிழில் அர்த்தம் எழுதிப் போடுவார்களாம். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் எழுத வேண்டாம் என்றேன். விஜி தயங்கி நாகஜோதியைப் பார்த்தாள். அக்கா சொன்னபடியே செய்யச் சொல்லிவிட்டாள் அவள். அதற்கும் அவள் அனுமதி வேண்டியிருந்தது.

அப்படியே எழுதாமல் விட்டார்கள். மதுரையில் கேட்கிறவர்களுக்கு அந்த இடம் வெறும் சத்தம். மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது புரியும். அதை நான் எப்படித் தடுக்க?