பன்னிரண்டாவது ரீல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல, என் சித்தியுடையது. நான் துணிக்கடையில் வளர்ந்தவன். வாங்க வந்தவர் கிழிசலைக் கண்டுபிடிப்பதற்குள் நாமே காட்டிவிட்டால் பேரம் நம் கையில். ஆகவே முதலிலேயே காட்டிவிடுகிறேன்: இதற்கு முடிவு இல்லை.

ஒரு காலத்தில் ஒரு சிறுமி ஏழு மலைகளைத் தாண்டி... (அடித்துவிட்டேன். அது படத்தின் கதை.)

2

சித்தி ஒன்பது வயதில் ஒரு மாயாஜாலப் படத்தில் நடித்தாள். பறவையாகிவிட்ட அம்மாவைத் தேடிப் போகும் சிறுமி. கடைசிக் காட்சியில், பறந்துபோகும் பறவையை "அம்மா!" என்று கூப்பிட வேண்டும். படப்பிடிப்பில் பறவை கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். உதவியாளர் ஒருவர் கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிப் பிடித்திருந்தார். சித்தியைப் பெற்றவள் போய்ச் சேர்ந்ததும் அதே வருஷம்தான். துணியைப் பார்த்துக் கூப்பிட்டாள். 'கட்' சொன்ன பிறகும் கூப்பிட்டாள்.

3

படம் வெளியான அதே வாரம் எதிர்த் தியேட்டரில் ஓடிய படத்தில் நிஜப் புலி பேசியது. எங்கள் பறவைக்கோ அதைத் தொங்கவிட்ட கயிறு தெரிந்தது. (கயிற்றுக்கு வக்காலத்து வாங்கி ஒரு பக்கம் எழுதினேன். எடுபடவில்லை.) சித்தி முதல்முறையாகப் படம் பார்க்கப் போன நாலாம் நாள் அரங்கில் இரண்டே பேர்: சித்தி, அவள் அப்பா. கூட்டம் இல்லாவிட்டால் கடைசி ரீலை ஓட்டாமல் விளக்கைப் போட்டுவிடுவது அந்தத் தியேட்டர் வழக்கம்.

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கு ஒரு ரீலா? கெளம்புங்க, புலிப் படத்துக்கு இன்னும் நேரமிருக்கு."

"கடைசியில நான் வர்றேங்க."

"அதான் இவ்வளவு நேரம் வந்தியே பாப்பா!"

மறுநாள் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

4

இன்றும் கூட்டம் புலிக்குத்தான். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் எங்கள் படத்தைக் காவியம் என்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து ஒரு கிடங்கில் முழுப் பிரதி கிடைத்து, போன ஞாயிறு திரையிட்டார்கள்.

அதற்கு முன்பே நான் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன்: பறவை திரும்பிப் பார்க்கிறது. சித்தி படித்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

"நீ எழுதி அது திரும்பணுமாடா? உங்கப்பா கடைத் தள்ளுபடி மாதிரி இருக்கு."

"அப்போ திரும்பலன்னு எழுதவா?"

"வாயக் கழுவு."

5

பதினோரு ரீல் முடிந்தது. விளக்கு எரியவில்லை. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டாள்.

"நீ பாத்துச் சொல்லு."

திரையில் ஒன்பது வயதுச் சித்தி கூப்பிட்டாள். நான் பார்த்தேன்.

"திரும்பிச்சாடா?"

நான் அவள் காதருகே குனிந்து...

(சாயம் போகும் துணியைப் போகாது என்று சத்தியம் செய்து விற்ற வாய் இது. அன்று உண்மையும் வரவில்லை, பொய்யும் வரவில்லை.)

நீங்கள் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். சித்தி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.