பிரீத்திகாவின் ஆனி மாதம்

"உனக்கு எது வேணும்னாலும் எங்கிட்ட கேட்கலாம், கீர்த்தி. ஒண்ணே ஒண்ணு. நாலு பேர் இருக்கும்போது கேட்கக்கூடாது. தனியா இருக்கும்போது கேளு."

"தனியாக் கேட்டா இல்லைன்னு சொல்லமாட்டீகளா?"

"கேட்டுத்தான் பாரேன்."

கல்யாணமான ஒன்பதாம் நாள், குற்றாலத்திலிருந்து சிவகாசிக்குத் திரும்பும் வழியில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு நவநீதகிருஷ்ணன் சொன்னது இது. கீர்த்திகாவின் மடியில் மங்குஸ்தான் பழப் பை இருந்தது. ஒரு பழத்தை அவரே உடைத்து, வெள்ளைச் சுளையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். எவ்வளவு கூச்சம் இந்த மனிதருக்கு என்று கீர்த்திகா நினைத்தாள். பதினொரு வருடம் கழித்தும் அந்தச் சுளையின் குளிர்ச்சி அவளுக்கு நினைவிருக்கிறது. கோபம் வருவதும் அதை நினைக்கும்போதுதான்.

ஏனென்றால் அவள் தனியாகத்தான் கேட்டாள். இரண்டாவது மகள் ரோஷினிக்கு ஒரு வயதானபோது, திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டாள். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து இரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் அவள். அவர் சிரித்தபடி காதில் வாங்கிக்கொண்டார். "யோசிப்போம்" என்றார். மறுநாள் மதியம், சாப்பிட வந்திருந்த, அவருடைய பிரிண்டிங் பிரஸ் ஆட்கள் ஆறு பேருக்கு முன்னால் சொன்னார்: "கீர்த்திக்கு நம்ம பிள்ளைக போதலையாம். ஊரான் பிள்ளைகளும் வேணுமாம்." எல்லோரும் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற கீர்த்திகாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

இப்போது அவளிடம் ஒரு கேள்வி இருக்கிறது. மூன்று வருடமாக இருக்கிறது.

லாக்டவுனில் ஆரம்பித்த காரியம். எல்.கே.ஜி. ஆறு மாதம் போயிருந்த மூத்தவள் பிரீத்திகாவுக்கு போனில் வகுப்பு நடந்தது. அதை எட்டிப் பார்த்த நவநீதகிருஷ்ணன், "இதை நீயே சொல்லிக்குடுக்கலாமே" என்றார். பள்ளிக்கூடங்கள் திறந்தன. இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் போகவில்லை. கீழே பிரஸ், மாடியில் வீடு, வீட்டின் நடுக்கூடத்தில் கரும்பலகை. காலை எட்டு மணிக்கு விஸ்வநத்தம் பக்கம் போகும் பட்டாசு கம்பெனி வேன்கள் கடந்ததும் வகுப்பு தொடங்கும். அதே நேரத்தில் தெருமுனையில் பள்ளிக்கூட வேனும் வந்து நிற்கும். பிரீத்திகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறும் பிள்ளைகளை எண்ணுவாள். எண்ணி முடித்ததும் யாரும் சொல்லாமலே வந்து பாயில் உட்காருவாள்.

நவநீதகிருஷ்ணன் பிள்ளைகளை ஒருநாளும் அடித்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்லுவார். அடிப்பதற்குப் பதில் அவர் காலண்டர் வைத்திருந்தார்.

அவருடைய பிரஸ்ஸில் ஓடுவது தினசரி காலண்டர். ஒவ்வொரு வருடமும் தன் பிள்ளைகளுக்கென்று தனியாக மூன்று அடிப்பார். மேலே அட்டையில் அந்தந்தப் பிள்ளையின் போட்டோ, கீழே நாளுக்கு ஒரு தாள். அன்றைய பாடத்தை முடித்தால்தான் அன்றைய தாளைக் கிழிக்கலாம். முடித்தார்களா இல்லையா என்று கீர்த்திகா ஒரு நோட்டில் எழுத வேண்டும். மாலை ஏழு மணிக்கு அவர் மேலே வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "கிழி" என்பார், அல்லது பேசாமல் போவார். பேசாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு நாளையும் இதே நாள்தான்.

கடைக்குட்டி ஹரிஷ்குமாருக்கு மூன்று வயது. அவனுக்குப் பாடம் இல்லை, கிழிக்கும் சந்தோஷம் மட்டும். ரோஷினியின் காலண்டர் ஊரோடு சேர்ந்து ஓடியது. பிரீத்திகாவின் காலண்டர் ஜனவரியில் இரண்டு நாள் பின்தங்கியது. கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குள் இருபது நாள் ஆனது. ஜூலை ஒன்பதாம் தேதி அவளுக்கு ஒன்பது வயது நிறைந்தபோது, அவள் சுவரில் ஜூன் மாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் காலண்டர்ல இன்னும் பிறந்தநாள் வரலையேம்மா" என்றார் அப்பா, கன்னத்தைத் தட்டி. "வரட்டும், கேக் வெட்டுவோம்."

அன்று முழுக்க ரோஷினி, "அக்காவுக்கு எட்டு வயசுதான், எனக்கு ஏழு! இன்னும் ஒரு வருசத்துல நான் அக்காவைப் பிடிச்சிருவேன்!" என்று பாடிக்கொண்டே சுற்றினாள். வாங்கி வைத்திருந்த பச்சைப் பாவாடை பீரோவுக்குள்ளேயே இருந்தது.

ஒருமுறை ஹரிஷ்குமார் நாற்காலி போட்டு ஏறி, அக்காவின் காலண்டரில் ஐந்து தாள்களைக் கிழித்துவிட்டான். பிரீத்திகா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஐந்து நாள் முன்னே வந்துவிட்டதே, அப்பா விட்டுவிடுவாரோ என்று அவள் முகத்தில் ஒரு ஆசை. நவநீதகிருஷ்ணன் கீழே போய்ப் பசை டப்பாவை எடுத்துவந்து, கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி, வரிசை மாறாமல் ஒட்டினார். தொழில் தெரிந்தவர். ஒட்டியது தெரியவே இல்லை.

ஆனால் பிரீத்திகா மந்தமான பிள்ளை இல்லை. அது கீர்த்திகாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஆடிப்பெருக்குக்கு முந்தின சனிக்கிழமையும் அப்படித்தான் போனது. பிரீத்திகா வகுத்தல் கணக்கில் இரண்டு முடித்தாள். ஹரிஷ் பாத்ரூம் வருகிறது என்றான். "பிரீத்தி, தம்பியைக் கூட்டிட்டுப் போ." கழுவிவிட்டு வந்து மூன்றாவது கணக்கை எழுதும்போது கீழேயிருந்து டீ கேட்டு ஆள் வந்தது. "பிரீத்தி, பாலைப் பாத்துக்கோ, பொங்கிரும்." ரோஷினிக்குப் பன்னிரண்டாம் வாய்பாடு புரியாமல் அழுகை. அவளை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஹரிஷுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. "அவனைக் கொஞ்சம் தோள்ல போடுடா கண்ணு, அம்மா குழம்பை இறக்கிட்டு வந்துர்றேன்." குழம்பை இறக்கினாள், துணி காயப்போட்டாள், மறுநாள் வரும் காலண்டர் ஏஜெண்டுகளுக்குப் புளி கரைத்தாள். திரும்பிப் பார்த்தபோது மணி ஆறு. தூங்கும் தம்பியைத் தோளில் போட்டபடி பிரீத்திகா நின்றுகொண்டிருந்தாள். கணக்கு நோட்டு பாயில் திறந்தே கிடந்தது. எட்டில் மூன்று.

கீர்த்திகா நோட்டை எடுத்தாள். எப்போதும்போல எழுதினாள்: முடியவில்லை.

பொய்யாக 'முடிந்தது' என்று எழுதலாம் என்றால், அவர் பாட நோட்டையும் புரட்டிப் பார்ப்பார். காரணத்தை எழுதலாம் என்றால், எழுதியது அவளைப் பற்றியதாகிவிடும். வீட்டையும் பார்த்து மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் புகழும் கீர்த்திகாவால் முடியவில்லை என்றாகிவிடும். மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு அது ஒரு வேடிக்கையாகிவிடும். அதனால் ஜனவரியிலேயே ஒருநாள் மகளை மடியில் இழுத்துச் சொல்லிவைத்தாள்: "தம்பியைப் பாத்துக்கிட்டேன், டீ போட்டேன்னு அப்பாகிட்ட சொல்லிராத கண்ணு. அம்மாவைத்தான் கேலி பண்ணுவாங்க."

"சொல்லமாட்டேம்மா" என்றாள் பிரீத்திகா. சொல்லவே இல்லை.

அன்று மாலை கனகமணி டீச்சர் போன் செய்தார். கீர்த்திகா முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை.

"நாலாங்கிளாஸ்ல ஒரே ஒரு இடம் நிறுத்தி வச்சிருக்கேன், கீர்த்திகா. திங்கக்கிழமை காலைல பிள்ளையோட வா. அதுக்கு மேல என்னால முடியாதும்மா, கேட்டுக்கிட்டே இருக்காக."

"அவுகட்ட கேட்டுட்டுச் சொல்றேன், மேடம்."

"போன வருசமும் இதான் சொன்ன. அதுக்கு முந்தின வருசமும்." டீச்சர் கேட்டார், "அவரு அடிப்பாரா?"

"ஐயோ, இல்ல மேடம். ரொம்ப நல்ல மாதிரி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பிரீத்திகா வாசற்படியில் நிற்கிறாள். கேட்டிருக்கிறாள். "திங்கக்கிழமைன்னா என்னைக்கும்மா? என் காலண்டர்லயா, ஊர்க் காலண்டர்லயா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஞாயிறு, ஆடிப்பெருக்கு. சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்கள் அடுத்த வருடத்து மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடும் நாள். அதிலிருந்துதான் சீசன் தொடங்கும். காலையிலிருந்தே ஏஜெண்டுகள் வந்தார்கள். பூஜை முடிந்து ஆல்பத்தைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில் ஒரு புதுச் சரக்கு இருந்தது. 'வீட்டுப் பாடக் காலண்டர்'. அட்டையில் மூன்று பிள்ளைகளின் படம். படித்தால் மட்டும் கிழிக்க வேண்டும் என்ற விதிமுறை பின்பக்கம்.

"எங்க வீட்ல அஞ்சு வருசமா ஓடுற முறை அண்ணாச்சி" என்றார் நவநீதகிருஷ்ணன். "அடி கிடையாது, திட்டு கிடையாது. பிள்ளை தானா வழிக்கு வரும். பெரிய ஆர்டரா எழுதுங்க."

மதியம் மாடியில் பந்தி. பத்து ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல். ரோஷினியும் ஹரிஷும் ஓரத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரீத்திகா பழைய கவுனில் தண்ணீர்ச் செம்போடு நடந்துகொண்டிருந்தாள்.

தேனி ஏஜெண்ட் காசிராஜன் பெரிய உடம்பும் பெரிய குரலும் உள்ளவர். "மதினி, புளியோதரை பிரமாதம். ஏத்தா பாப்பா, நீயும் உக்காரு. எம்புட்டு நேரம் நிப்ப?"

"அவளுக்கு இன்னைக்கு ஆடிப்பெருக்கு இல்ல அண்ணாச்சி" என்றார் நவநீதகிருஷ்ணன், சிரித்தபடி. "பிரீத்தி, மாமாவுக்கு இன்னைக்குத் தேதி சொல்லு."

பிரீத்திகா செம்பைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "ஜூன் இருபது. ஆனி ஆறு."

பந்தி முழுவதும் சிரிப்பு. காசிராஜனுக்குப் புரையேறியது. "அப்போ எங்களுக்கெல்லாம் நீ நாப்பத்து நாலு நாளு பின்னாடி வர்றியா? பஸ்ஸை விட்டுட்டியாத்தா!"

"ஆமா மாமா" என்றாள் அவள். "எனக்கு மத்தியானம் ரசம் சாதம்."

"பாத்தீகளா?" என்றார் நவநீதகிருஷ்ணன். "நான் சொல்லல. அவளே சொல்றா. இதான் முறை."

இரண்டு ஏஜெண்டுகள் தலையாட்டினார்கள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காசிராஜன் மட்டும் கையைச் சாதத்திலிருந்து எடுத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்: "ஏன் பாப்பா இம்புட்டு பின்தங்குன? படிக்க விடாம யாரும் வேலை வாங்குறாகளா?"

பிரீத்திகா அம்மாவைப் பார்த்தாள். கீர்த்திகாவின் கையில் பாயச வாளி இருந்தது. அந்த ஒரு நொடியில், சொல்லிவிடுவாளோ என்றுதான் தாய்க்குப் பயம் வந்தது. அப்படிப் பயந்ததை அவளால் பிறகு எப்போதும் மறக்க முடியாது.

"இல்ல மாமா" என்றாள் பிரீத்திகா தெளிவாக. "நான் மந்தம். எனக்குப் படிப்பு ஏறாது."

ரோஷினி களுக்கென்று சிரித்தாள். நவநீதகிருஷ்ணன் மகளின் தலையைத் தடவி, "உண்மையைச் சொல்றா பாருங்க, அந்தக் குணம் இருக்கு" என்றார். "கீர்த்தி, பாயசம் ஊத்து."

கீர்த்திகா வாளியைத் தரையில் வைத்தாள்.

"அவ மந்தம் இல்லீங்க."

"சரி, சரி. ஊத்து."

"அந்த நாப்பத்து நாலு நாளும் அவ தம்பியைத் தூக்கிட்டு நின்னா. பால் காய்ச்சினா. உங்க ஆளுகளுக்கு டீ போட்டா. என் வேலையெல்லாம் அவ செஞ்சா, நான் நோட்டுல முடியவில்லைன்னு எழுதினேன். சொல்லாதன்னு அவகிட்ட சொன்னதும் நான்தான்."

பந்தியில் யாரும் சாப்பிடவில்லை. நவநீதகிருஷ்ணனின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. "கீர்த்தி" என்றார், குற்றாலம் சாலையில் பேசிய அதே மெல்லிய குரலில். "நாலு பேர் சாப்பிடுற இடம். எது வேணும்னாலும் அப்புறமாத் தனியாக் கேளு. நான் இல்லைன்னா சொல்லப்போறேன்?"

பிரீத்திகா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்மா" என்றாள் மெதுவாக. "கேலி பண்ணுவாங்க."

கீர்த்திகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவுக எல்லாரும் இருக்கும்போதேதான் கேக்கேன்" என்றாள். "எம் பிள்ளையை நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிடுங்க."