யன்னலோரக் கோப்பை

லண்டனில் கவுன்சில் ஒப்படைக்கும் பிள்ளைகள் வளர்ப்பு வீடுகளில் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பது என் வேலை. மனோர் பார்க்கில் தவநாயகி அன்ரியின் வீட்டுக்கு ஒன்பது வயதுக் கம்சிகா வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அன்ரி எனக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி தந்தார். கம்சிகா யன்னலோரத்தில் தனியாக இருந்த பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துப் பால் குடித்தாள். குடித்ததும் தானே கழுவி, திரும்ப அங்கேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். ஒருவரும் சொல்லவில்லை. பழகிவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் பிளேஸ்டோவில் எனக்கும் இப்படியொரு கோப்பை இருந்தது.

"ஏன் அன்ரி, அவளுக்கு மட்டும் வேறை கோப்பை?"

அன்ரி குரலைத் தாழ்த்தினார். "தமிழ்ப் பிள்ளை எண்டு மட்டும்தான் கவுன்சில் சொன்னது. என்ன ஆக்கள் எண்டு சொல்லேல்லையே. எங்கடை சாமானோடை கலக்க ஏலுமே, பிள்ளை?"

சண்டைக்குத் தப்பி, கடல் கடந்து வந்த சனம் இந்தச் சாதியை மட்டும் உடையாமல் கொண்டுவந்திருக்கிறது.

மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"நானும் வளர்ப்பு வீட்டிலைதான் வளர்ந்தனான், அன்ரி. என்ன ஆக்கள் எண்டு எனக்கே தெரியாது. இந்தக் கோப்பையை இனி எங்கை வைக்கப் போறியள்?"

நான் நீட்டிய கோப்பையை அன்ரி வாங்கவில்லை.