புதன்கிழமைத் தெருக்கள்

ஒன்பதாவது சிவப்புப் புள்ளியைக் காவல் அலுவலகச் சுவரிலிருந்த நகர வரைபடத்தில் வைத்தபோதுதான் அவளுக்கு அது பிடிபட்டது. ஒன்பது வீடுகள், ஒன்பதும் புதன்கிழமை முற்பகல். கதவை உடைத்து, தனியாக இருந்தவரைக் கட்டிப்போட்டுவிட்டு, நகையோடு போயிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. ஏன் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவள், குழாய் பதிக்கச் சாலை தோண்டும் தெருக்களின் பட்டியலை வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்பது தெருக்களிலும் அன்று தோண்டும் இயந்திரம் அலறியிருக்கிறது. அந்தச் சத்தத்தில் கதவென்ன, சுவரே இடிந்து விழுந்தாலும் கேட்காது.

வரும் புதனன்று தோண்டவிருந்தவை இரண்டே தெருக்கள். ஒன்று கடைவீதியை ஒட்டியது, ஆள் நடமாட்டம் ஓயாது. மற்றது அவள் அக்கா குடியிருக்கும் தெரு.

"பிரமாதம்மா!" என்றார் குற்றப்பிரிவு அதிகாரி. "புகார் டைப் அடிக்க வந்தவங்க, எட்டு வருஷத்துல எங்க வந்து நிக்கிறீங்க பாருங்க. இவனுங்க சிக்கிட்டா உங்க ஆய்வுப் பிரிவுத் தலைவர் நாற்காலி உங்களுக்குத்தான். ஆனா ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது. தெரு உஷாரானா அவனுங்களும் உஷாராயிடுவானுங்க."

அங்கே என் அக்கா இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் பட்டியலை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள். சொன்னால் வேலையைப் பக்கத்து மேசைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் தெருவில் சீருடை இல்லாமல் ஆறு போலீஸார் நிற்பார்கள், அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று செவ்வாய் மாலை வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கோப்புகளில் இருந்த படங்களை அவள் பார்த்திருந்தாள். வாயில் பிளாஸ்திரி, மணிக்கட்டில் கயிற்றுத் தடம். அக்கா வீட்டில் ஏழு மாதக் குழந்தை வேறு. போனை எடுத்துவிட்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில குழந்தையத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு."

"எதுக்குடி? என்ன ஆச்சு?"

"உங்க தெருவுல திருட வருவாங்க போல. யார்கிட்டயும் மூச்சு விடாத. என் வேலை போயிடும்."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்?" என்றாள் அக்கா. ஓட்டைவாய் என்று சின்ன வயதிலேயே பெயர் வாங்கியவள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரியின் வயர்லெஸ் கரகரத்தது. அக்கா தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன, மீதி வீடுகளின் வாசலில் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பன்னிரண்டரைக்கு இன்னொரு செய்தி வந்தது. கடைவீதியை ஒட்டிய தெரு, மாடி வீடு, ஓய்வுபெற்ற ஆசிரியர். சத்தம் போடப் பார்த்தவரைத் தலையில் அடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

பத்தாவது புள்ளியை அவளே வைத்தாள்.

"உங்க கணக்குல தப்பில்லம்மா," என்றார் அதிகாரி. "எவனோ வாயத் திறந்திருக்கான். வீடு வீடா விசாரிக்கச் சொல்லிட்டேன். யார் யாருக்குச் சொன்னாங்கன்னு நூல் பிடிச்சுப் போனா முதல் ஆள் கிடைச்சிடுவான். அதையும் நீங்களே படமாப் போட்டுக் குடுங்க. உங்களவிட்டா இதுக்கு யாரு?"

மறுநாள் வாக்குமூலங்கள் வந்து குவிந்தன. எதிர்வீட்டம்மாள் சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார், தையல்காரர் சொன்னார் என்று ஆளுக்கொரு பெயர். பெயருக்கொரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு வட்டம் அம்புக்குறி போட்டாள். அம்புகள் எல்லாம் பின்னோக்கி ஒரே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டுக்கு மட்டும் அவள் இன்னும் வட்டம் போடவில்லை. ஆசிரியருக்கு நினைவு திரும்பிவிட்டதா என்று காலையிலிருந்து நான்கு முறை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டாள். இல்லை என்றே பதில்.

தாழ்வாரத்தில் பழகிய சிரிப்பொலி கேட்டது. நிமிர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அக்கா, இடுப்பில் குழந்தையோடு. தங்கையின் அறை எதுவென்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. கேட்டது அதிகாரியிடம். அவர் தலையைச் சாய்த்து நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கையை ஆட்டி ஆட்டி, நடுநடுவே இந்த அறையைச் சுட்டிக்காட்டி, முகமெல்லாம் பூரிக்க, எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

கண்ணாடி வழியே ஒரு சொல்லும் கசியவில்லை. அவர் கையை நீட்டினார். குழந்தை தயங்காமல் தாவிப் போய், அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தது.