ஷெவெலின் பின் சீற்

'இல்லை' என்ற சொல் நகுலேஸ்வரனின் வாயில் வராது. பிறவிக் குணம். 'இண்டைக்கே என்ரை பிறேக்கைப் பாத்துத் தருவியளோ' என்று கேட்டால் ஓம். 'சனிக்கிழமை வீடு மாறுறம், ஒரு கை குடுப்பியளோ' என்று கேட்டாலும் ஓம். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். சனம் இதை நல்ல குணம் என்று சொல்லித் திரிந்தது. நல்ல குணமாம்! தாட்சண்யத்தில் பொய் சொல்கிறவனுக்கு ஊர் வைத்திருக்கும் செல்லப் பெயர்தான் அது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகர ஓரத்து லஷீனில் வாடகைக்கு எடுத்திருந்த கராஜில், அவன் தன் பழைய ஷெவெல் காரின் அடியில் படுத்திருந்தபோது துஷாந்தினியக்கா அழைத்தார்.

"தம்பி, ஜதுஷாவின்ரை கலியாணம் ஆவணியிலை எண்டு தெரியும்தானே? அப்பாவின்ரை காரிலைதான் கோயிலுக்குப் போவன் எண்டு பிள்ளை ஒற்றைக் காலிலை நிக்குது. நீங்கள்தான் ஓட்டவேணும்."

"ஓம் அக்கா, அதுக்கென்ன."

"நானும் பிள்ளையும் பின் சீற்றிலை இருந்து வருவம்."

"ஓம் அக்கா."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு எழுந்து காருக்குள் எட்டிப் பார்த்தான். பின் சீற் இருந்த இடத்தில் வெறும் தகடு. அதன் குறுக்கே, கார் உருண்டால் ஓட்டுபவனைக் காப்பதற்காகப் பொருத்திய இரும்புக் குழாய்கள். இரண்டு பக்கமும், அகலமான பந்தய டயருக்கு இடம் வேண்டுமென்று அறுத்து உள்ளே தள்ளிய தகட்டுப் பெட்டிகள். ஒரு பூனை வேண்டுமானால் படுக்கலாம். பட்டுச்சேலை கட்டிய கலியாணப் பொம்பிளையும் தாயும் எங்கே இருப்பது?

அது பேரின்பநாதனின் கார். துஷாந்தினியக்காவின் புருசன். டவுன்டவுன் உணவகம் ஒன்றின் குசினியில் கோழி வெட்டிக் கை மரத்துப்போன மனிசன். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரரின் களஞ்சியத்தில் கறள் பிடித்துக் கிடந்த எழுபதாம் ஆண்டுக் காரைக் கண்டு, பைத்தியம் பிடித்து வாங்கிவந்தார். "விசரே உங்களுக்கு? அரிசி மூட்டை ஏத்தவும் உதவாது" என்று அக்கா கத்தினார். பிறகு அவரே அந்தப் பின் சீற்றுக்குக் கடும் பச்சையில் உறை தைத்துக் கொடுத்தார். நகுலேசு மெக்கானிக். பேரின்பநாதனை அண்ணை அண்ணை என்று சுற்றிக்கொண்டு, ஞாயிறு ஞாயிறாகக் கூட நின்று அந்தக் காரை எழுப்பியவன். அண்ணைக்கு அது பழைய கோலம் மாறாமல் இருக்கவேண்டும். நகுலேசுக்கு அது பாயவேண்டும். "அண்ணை, இந்த எஞ்சினை இப்பிடி உருட்டுறது பாவம். கால் மைல் பந்தயத்துக்கு விட்டுப் பாப்பம்" என்பான். அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

அண்ணை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபின், கார் ஒரு பனிக்காலம் முழுக்க வாசலில் மூடிக் கிடந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அவர் ஓட்டுவது பாடசாலைப் பிள்ளைகளின் மஞ்சள் பஸ். வீட்டுக்கு வந்தால் ஸ்டியரிங்கைக் காணவே பிடிக்காது என்பார். கடைசியில் நகுலேசைக் கூப்பிட்டு, காரை அவன் பேருக்கு மாற்றி எழுதிச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"வேறை ஆருக்கும் விக்க மனமில்லை. உங்கட கையிலை இருந்தா எங்கட வீட்டிலை இருக்கிற மாதிரி. அவர் வைச்சிருந்த மாதிரியே வைச்சிருங்கோ தம்பி."

"ஓம் அக்கா."

சொன்னபோது அவன் அதை நம்பித்தான் சொன்னான். அதுதான் கொடுமை. முதலில் காபரேட்டர் மட்டும்தான் மாற்றினான். அதில் என்ன குற்றம்? பிறகு எஞ்சினின் உள் சாமான்கள். காரோட்டப் பந்தயத்தில் கூட்டாளியான றெக்ஸ் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், நீ கலியாணமும் கட்டேல்லை, பிள்ளைகுட்டியும் இல்லை. பின்னுக்கு ஆர் இருக்கப் போகினம்? உந்தப் பாரத்தைக் கழட்டடா. பாரம் குறைஞ்சா நேரம் குறையும்."

பாரம் குறைந்தால் நேரம் குறையும். இந்த விளையாட்டில் அதுதான் வேதவாக்கு. நகுலேசு சீற்றைக் கழற்றி மூலையில் சாத்தினான். சும்மா கழற்றி வைக்கிறேன், திரும்பப் பூட்டலாம்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு தகட்டை அறுத்தான். அறுத்த பிறகு என்னத்தைப் பூட்டுவது? கராஜில் இடம் போதாமல், பெரிய குப்பை எடுக்கும் நாளில் அந்தப் பச்சைச் சீற்றை வாசலில் வைத்தான். லொறி வந்து அள்ளிக்கொண்டு போனது.

பந்தயப் பாதையில் பச்சை விளக்கு விழுந்து, முன் சக்கரங்கள் நிலத்தை விட்டுக் கிளம்பிய அந்த முதல் ஓட்டத்தில் அவன் கத்திய மாதிரி வாழ்க்கையில் வேறெதற்கும் கத்தியதில்லை. வென்றுவிட்டு வரும் வழியில் அக்காவின் அழைப்பு. "தம்பி, கார் சுகமோ?" பிள்ளையைப் பற்றிக் கேட்பது மாதிரித்தான் எப்போதும் கேட்பார்.

"ஓம் அக்கா. நல்லா நிக்குது."



இப்போது கலியாணம். நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்த தன் அறையிலிருந்து பியர்பொன்ட்ஸிலுள்ள அக்கா வீட்டுக்குப் போனான். வழி முழுக்க ஒத்திகை பார்த்தான். 'அக்கா, ஒரு பிழை விட்டிட்டன்.' நல்ல வசனம். வீட்டுக்குள் போனதும் அக்கா தட்டில் வடையை வைத்தார். வடையைக் கண்டதும் வசனம் தொண்டைக்குள் திரும்பிப் போனது.

"தாரை வாத்துக் குடுக்கிறது அவரின்ரை தமையன் அருமைநாதன் அத்தானும் பெண்சாதியும்தான்," என்றார் அக்கா, பிளேன்ரீயை ஆற்றியபடி. "மணவறைக்கு நான் கிட்டப் போகேலாது எண்டு அத்தான் இப்பவே சொல்லிப்போட்டார். ஆலாத்தி எடுக்கிறதும் வேறை ஆக்கள். தாலி கட்டின பெண்டுகள்தான் முன்னுக்கு நிக்கவேணுமாம். சனத்தோடை ஆர் சண்டை பிடிக்கிறது? பிள்ளையின்ரை நாள் குழம்பக்கூடாது."

"இந்தக் காலத்திலையும் உப்பிடியோ அக்கா?"

"எந்தக் காலத்திலையும்தான். அதுதான் யோசிச்சன். வீட்டிலையிருந்து கோயில் வாசல்மட்டும் பிள்ளைக்குப் பக்கத்திலை, அவரின்ரை காருக்குள்ளை நான் இருந்து வருவன். அதை ஆரும் கேக்கேலாது. இந்தக் கலியாணத்திலை எனக்கெண்டு இருக்கிற இடம் அந்தப் பின் சீற்தான் தம்பி."

நகுலேசுக்கு வாயில் இருந்த வடை மண்ணாகிப்போனது. இப்போதாவது சொல்லடா பாவி! அவன் சொன்னானா? "நல்ல வடை அக்கா" என்றான். தன் வாயிலேயே ஒரு அறை போட வேண்டும்போல இருந்தது அவனுக்கு.

அதன்பிறகு அவன் பட்ட பாடு நாய் படாத பாடு. பழைய வாகனங்கள் உடைக்கும் இடங்களெல்லாம் ஏறி இறங்கி, அதே மாதிரி ஒரு சீற்றைத் தேடிப் பிடித்தான். கறுப்பு நிறம். இருட்டில் பச்சை மாதிரித் தெரியும் என்று மனதைத் தேற்றினான். கொண்டுவந்து உள்ளே இறக்கினால், அது இறங்கினால்தானே! இரண்டு பக்கத்துத் தகட்டுப் பெட்டிகளும் வழிவிடவில்லை. சீற்றைக் குறுக்கி வைத்தாலும் இருப்பவரின் பிடரியில் இரும்புக் குழாய் இடிக்கும். கடைசியில் பலகை ஒன்றை வெட்டிப் போட்டு, மேலே ஒரு மெத்தையை வைத்து, றெக்ஸை இருக்கச் சொன்னான். றெக்ஸ் முழங்காலை நாடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தான்.

"பொம்பிளையை என்ன, சூட்கேஸிலையே மடிச்சு வைக்கப் போறாய்? போய் வாயைத் திறந்து சொல்லடா. அறுத்தது பிழையில்லை. சொல்லாமல் இருக்கிறதுதான் பிழை."

"சொல்லுறன், சொல்லுறன்."

"எப்ப?"

"பேந்து."

அந்தப் பேந்து வரவேயில்லை. ஆடி போனது. ஒவ்வொரு முறையும் போனை எடுத்தான்; ஒவ்வொரு முறையும் அக்கா முந்திக்கொண்டு பூ அலங்காரத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ கதைத்தார்; ஒவ்வொரு முறையும் அவன் ஓம் போட்டான். குற்றவுணர்ச்சி என்பது பல்லுக்குத்து மாதிரி. கவனிக்காமல் இருந்தால் மாறிவிடும் என்று நினைக்கிறவன் மடையன்.

கலியாணத்தன்று காலை, காருக்குச் சாதாரண டயர் பூட்டி, சத்தம் குறைக்கும் குழாய் பூட்டி, கழுவித் துடைத்து, முன்னால் பூமாலை கட்டிக்கொண்டு பியர்பொன்ட்ஸ் வீட்டு வாசலில் நிறுத்தினான். பலகையும் மெத்தையும் பின்னால் கிடந்தன. உறவுக்காரர் வேனிலும் கார்களிலும் ஏறத் தயாராகி நின்றார்கள். அருமைநாதன் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வாசலில் தேங்காய் அடித்தார். ஜதுஷா பட்டுச் சேலை சரசரக்க இறங்கி வந்தாள். பின்னாலே அக்கா, வெளிர் நிறப் பட்டுச் சேலை, நெற்றியில் வெறும் திருநீறு.

நகுலேசு கதவைத் திறந்து முன் சீற்றை மடித்தான். அக்கா குனிந்து உள்ளே பார்த்தார்.

குழாய்களைப் பார்த்தார், அறுத்த தகட்டைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"சீற் எங்கை?"

"அக்கா… ஓட்டத்துக்காகக் கழட்டினனான். போன வருசம். பந்தயத்துக்கு. சொல்லவேணும் எண்டு எத்தினை தரம்…"

"நான் தைச்ச உறை?"

"குப்பைக்குப் போயிட்டுது அக்கா."

போய்விட்டதாம்! உறை தானாக எழுந்து நடந்து போனதுபோல. அந்த நேரத்திலும் 'நான் போட்டேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஜதுஷா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, *seriously*?" என்று தொடங்கியவள் அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அருமைநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி சரி, முகூர்த்தத்துக்கு நேரமாகுது. முன்னுக்கு ஒரு சீற் இருக்குத்தானே, பொம்பிளை அதிலை ஏறட்டும். துஷாந்தினி, நீர் கடைசி வேனிலை வாரும். அதுவும் நல்லதுதான், பொம்பிளை இறங்கேக்கை நீர் முன்னுக்கு நிக்காமல் இருக்கலாம்."

நகுலேசுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அந்தக் கதை அருமைநாதனின் வாயிலிருந்து வந்தாலும், அதற்கு வழி வெட்டிக் கொடுத்தது தகட்டை அறுத்த தன்னுடைய வாள் என்பது அவனுக்குத் தெரியும். மனிசிக்கு இருந்த ஒரே இடத்தை அறுத்து எறிந்துவிட்டு, வடையும் தின்றுவிட்டு வந்தவன் அவன்.

அக்கா கடைசி வேனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நகுலேசிடம் கையை நீட்டினார்.

"சாவியைத் தாங்கோ."

"அக்கா?"

"உதிலை ரெண்டு சீற் இருக்கு. பிள்ளைக்கு ஒண்டு. எனக்கு ஒண்டு. ஒட்டோமற்றிக்தானே?"

"ஓம்… ஆனா அக்கா, இது இப்ப பழைய கார் இல்லை. கால் பட்டாலே பாயும்."

"நாப்பது பிள்ளையளை வைச்சுப் பனியிலை பஸ் ஓட்டுறனான். சாவியைத் தாங்கோ."

அவன் கொடுத்தான். அருமைநாதன் "என்ன விசர் வேலை, சனம் என்ன சொல்லும்" என்று முன்னால் வந்தார். ஜதுஷா அவரைத் தாண்டிப் போய்த் தானாகவே ஏறிக்கொண்டாள். பந்தய சீற்றின் பட்டிகளை அக்காவே குனிந்து, சேலை கசங்காமல் மகளுக்கு மாட்டிவிட்டார். பிறகு சுற்றி வந்து, ஓட்டும் பக்கக் கதவில் கையை வைத்தபடி நகுலேசைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாத பார்வை. கோபமாக இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன் தம்பி," என்றார் மெல்லிய குரலில். "அவருக்கும் உள்ளுக்குள்ளை ஒரு ஆசை இருந்தது எண்டு எனக்குத் தெரியும். அறுக்கேக்கை ஒருக்கால் வந்து நிண்டு பாத்திருப்பன். அந்த உறையையாவது கழட்டி எடுத்திருப்பன். நீங்கள் கேக்கேல்லை."

அக்கா ஏறியதும் அவன் கதவைச் சாத்தினான்.

எஞ்சின் உறுமியது. அயலிலிருந்த பிரெஞ்சுக்காரக் கிழவர் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார். கார் முதலில் ஒரு துள்ளுத் துள்ளி, பிறேக் பிடித்து நின்றது. பிறகு எலுமிச்சம்பழங்களை நசித்துக்கொண்டு, பஸ் கிளம்புகிற மாதிரி அமைதியாக வீதிக்கு இறங்கியது. பொம்பிளைக்குப் பக்கத்தில், எல்லாச் சனத்துக்கும் முன்னால், அக்கா போனார். பின்னால் வேன்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு போயின.

"தம்பி, ஏறேல்லையோ?" என்று கடைசி வேனிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"நீங்கள் போங்கோ. நான் பேந்து வாறன்."

அவன் போகவில்லை. நசிந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நின்று, பெருவீதி வரைக்கும் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு நிதானமாக அதை அவன்கூட ஒருநாளும் ஓட்டியதில்லை.

கார் இப்போதும் அக்கா வீட்டு வாசலில்தான் நிற்கிறது. பந்தயக் காலம் முடியப்போகிறது, றெக்ஸ் ஒவ்வொரு நாளும் அரிக்கிறான். "போய்ச் சாவியைக் கேளடா, அது உன்ரை கார்தானே."

அவனுடைய கார்தான். ஆனால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?