எம் என்ற எழுத்து

"ஃபைலைக் காணோம்னு வருதும்மா. எதை அழுத்தினாலும் அதே பாட்டுதான்."

மேலாளர் தன் அறை வாசலில் நின்று சொன்னார். லிஃப்ட் பராமரிக்கும் அலுவலகம் அது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் எக்செலில் ஒரு வரி, வரியின் ஓரத்தில் அதன் பாதுகாப்புச் சான்றிதழைத் திறக்கும் இணைப்பு. எல்லாம் அவள் செய்தது. அவள் தற்காலிக ஊழியர். மதியம் அந்தச் சான்றிதழ்களைப் பார்க்க ஆய்வாளர் வருகிறார்.

"என் சீட்ல எல்லாமே திறக்குதே சார்."

"அதுக்காக அவரை உன் சீட்டுல உக்கார வெச்சுட்டு நீ நின்னுக்கிட்டு இருப்பியா? மீட்டிங் ரூம் கம்ப்யூட்டர்ல திறக்கணும். இல்லேன்னா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எந்த முகத்தோட மேல கேக்கறது?"

கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்பவனைக் கூப்பிட்டாள். அவன் அவளுடைய கணவனின் தம்பி. வந்தான், இணைப்பின் முகவரியைப் பார்த்தான், காதைச் சொறிந்தான்.

"அண்ணி, இதுல எல்லாம் எம்-னு ஆரம்பிக்குது."

"ஆமா. எல்லாரும் ஃபைல் போடற பொது டிஸ்க்குக்கு கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துதானே?"

"உங்க மெஷின்ல மட்டும். மத்த எல்லாருக்கும் எஸ்."

"எனக்கு மட்டும் ஏன் எம்?"

"அண்ணன் பேரோட முதல் எழுத்து. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் சண்டை. எழுத்தைப் பாத்தாவது ராசியாகட்டுமேன்னு சும்மா வெச்சேன்."

"நல்லா சமாதானம் பண்ணீங்க தம்பி. இப்ப என் வேலைக்கே உலை வெச்சாச்சு."

"கவலைப்படாதீங்க. மீட்டிங் ரூம் மெஷின்லயும் எம்-னு ஒரு எழுத்து போட்டுடறேன். கமுக்கமா முடிஞ்சிடும்."

"நாளைக்கு வேற யாராவது வேற மெஷின்ல திறந்தா?"

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"வேணாம். எழுத்தே இல்லாம பாதை போட முடியாதா?"

"முடியும். எழுத்துக்குப் பதிலா அந்த டிஸ்க் இருக்கற சர்வரோட பேரைப் போடணும். அது எந்த மெஷின்லயும் ஒண்ணுதான்."

நல்ல வேளையாக இணைப்புகளை அவள் பார்முலாவாகவே போட்டிருந்தாள்; ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. எம்-ஐத் தேடி, சர்வர் பெயரை வைத்து மொத்தமாக ரீப்ளேஸ் கொடுத்தாள். மீட்டிங் ரூமுக்குப் போய்ப் பட்டியலின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று அழுத்தினாள். திறந்தன. பிறகு ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மதியம் ஆய்வாளர் தனக்குத் தோன்றிய வரிகளையெல்லாம் அழுத்தினார். எல்லாமே திறந்தன. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேலாளர் இருவரையும் உள்ளே அழைத்தார்.

"காலையில என்ன கோளாறு? யார் தப்பு?"

கொழுந்தன் பிரிண்டரைப் பார்த்தான். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"இவர் என் மெஷின்ல வேற எழுத்து வெச்சிருந்தார் சார். நானும் இன்னொரு மெஷின்ல திறந்து பாக்காமலே விட்டுட்டேன்."

"ஏன் வேற எழுத்து?"

"அது குடும்ப விஷயம் சார்," என்றான் அவன்.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடும்பத்தை வீட்டுல வெச்சுக்குங்க. நீ எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துச் சொல்லுப்பா. நீ கிளை அலுவலகத்துப் பட்டியலையும் இதே மாதிரி மாத்தும்மா. உன்னை நிரந்தரமாக்கச் சொல்ற கடிதத்தை நான் இன்னிக்கே மேல அனுப்பறேன்."

வெளியே வந்ததும் கொழுந்தன் முணுமுணுத்தான். "என்னைப் போட்டுக் குடுத்துட்டீங்களே அண்ணி."

"பாதிதான் குடுத்தேன். மீதிப் பாதியை நானே வெச்சுக்கிட்டேன்ல?" என்றபடி அவள் கிளை அலுவலகத்தின் பட்டியலைத் திறந்தாள்.